வார்னிஷ் மணமும் ஒரு சுண்டைக்காயும்

தாராவியில் எரிந்துபோன மோட்டார்களுக்கெல்லாம் உயிர் கொடுத்துவிட்டு, தன் நெஞ்சுக்குள் ஓடியதை மட்டும் கவனிக்காமல் விட்ட என் அருமை மாப்ளே,

நீ போய் எட்டு மாதம். ஆனால் அதில் ஆறு மாதமாக நீ தினமும் வந்துகொண்டிருக்கிறாய். செம்பூர் ஸ்டேஷனில், குளியலறையில், உன் அக்கா சுடும் தோசைக்கு நடுவில், திடீரென்று உன் கடை மணம் வரும். செம்புக்கம்பி சுற்றி முடித்து நீ ஊற்றுவாயே, அந்த வார்னிஷ். "வந்துட்டான்ல!" என்பேன். மும்பையிலேயே ஆவி வந்து போகும் ஒரே வீடு என்னுடையதுதான் என்று வாஷி வரை பெருமையடித்தேன்.

உன் மகள் செல்வி நம்பவில்லை. டாக்டரிடம் இழுத்துப் போனாள். மண்டையைப் படம் பிடித்தார்கள். சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. இல்லாத மணத்தைக் காட்டுவது அதுதானாம். உடனே செல்வி குடும்ப வாட்ஸ்அப்பில் தன் பம்பாய்த் தமிழில் எழுதினாள்: "மாமாவுக்கு மனக் கோளாறு." மூன்று சுழி வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி. எனக்குப் பைத்தியம் என்று தூத்துக்குடியிலிருந்து துபாய் வரை அழுதார்கள்.

"ஏ பிள்ள, மணம்னா மூக்கு. மனம்னா நான்!" என்று கத்தினேன்.

"ரெண்டும் ஒரே எடத்துலதான மாமா இருக்கு? டாக்டர் படத்துல காட்டுனாருல்லா?"

அப்படியே உன் குரல். நீயும் இதைத்தானே சொல்வாய்: "அத்தான், மோட்டார் எரிஞ்சா அது சுத்துன சுத்து எங்க போச்சுன்னு எவனாவது தேடுவானா? மனுசனும் அம்புட்டுதான்." செத்தாலும் மனசு எங்கேயோ இருக்கும் என்று இருபது வருடம் உன்னை எதிர்த்து டீக்கடைக் கூரை பறக்க வாதாடினேன். மனசு என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சைத்தான் தொட்டுக் காட்டினேன். வியாழக்கிழமை மண்டையைத் திறக்கிறார்கள். நெஞ்சைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

பயமாக இருக்கிறது மாப்ளே. எமனையே எருமையோடு ஓட்டியவன் நான் என்று வார்டு முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். சுண்டைக்காயோடு நீயும் போய்விடுவாயா? உன்னை வெட்டி எறியவா நான் கையெழுத்துப் போட்டேன்? கத்தி ஒரு நூல் தள்ளிப் போனால், கண் விழிப்பவன் யார்? பொய்யே சொல்லத் தெரியாத ஒருவன் எழுந்து வந்தால், அவனை வைத்துக்கொண்டு உன் அக்கா என்ன செய்வாள்?

இதை எழுதும்போதும் மணக்கிறது. வியாழன் வரை உட்கார்ந்திரு.

தையல் பிரித்த அன்றே, செல்வி நடத்தும் உன் கடைக்குப் போய் வார்னிஷ் டப்பாவைத் திறந்து மோந்து பார்ப்பேன். இந்த ஒரு தடவை கூட்டிச் சொல்லமாட்டேன், சத்தியம். வெறும் வார்னிஷ் மணந்தால் நீ ஜெயித்தாய். நீ மணந்தால், நான்.

உன் அக்காவின் கையை விடாமல் பிடித்திருக்கும்
உன் அத்தான்