அண்ணன் எண்ணிய ஆலாக்கள்

தாம்பரம் கிழக்கு,
ஜனவரி 19

அன்பு மகள் வினிதாவுக்குச் சித்தப்பா ஜெயவேலு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இப்படித்தான் நடக்கும் என்று நான் தீபாவளிக்கே சொன்னேன், உன் சித்தி தனம் சாட்சி. பொங்கல் முடிந்த கையோடு உங்கப்பா வீட்டை விட்டு இறங்குவார் என்றேன், இறங்கிவிட்டார். போனில் சொன்னால் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பார், அதனால்தான் காகிதம். தனம் இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள். எட்டாங்கிளாஸோடு நின்றவன் கையெழுத்து, பொறுத்துப் படி.

அவர் கால் உடைந்து ஏழு மாதம். எலும்பு சேர்ந்துவிட்டது, இனிமேல் நடக்காவிட்டால்தான் முட்டி மடங்காமல் போகும் என்று டாக்டர் மூன்று தடவை சொல்லியும் கேட்டைத் தாண்டவில்லை, மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம். முப்பது வருஷம் மின்சார ரயிலில் கார்டாக இருந்தவர், வாசலில் இறங்க யோசிக்கிறார். நீயோ வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று அழுகிறாய். விடுவேனா நான். ஒரே ஒரு பேச்சு பேசினேன், மறுநாள் விடியற்காலை சட்டை மாட்டிக்கொண்டு, ரயில் நேரம் எழுதும் பழைய கார்டு நோட்டு ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நிற்கிறார். என் பேச்சுக்கு அப்படி ஒரு சக்தி, தாம்பரம் முழுக்கத் தெரியும்.

நீ காலேஜ் நாளில் பறவை பார்க்கப் போவாயே, அதே கோவளம் முகத்துவாரம்தான் போனோம். வானம் ஒரே மப்பு, கடலும் மேகமும் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கிடந்தன. மழை வராது என்று நான் சொன்னேன், வரவில்லை, நாலு தூறலை மழை என்று சொல்லக்கூடாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிவிட்டேன், ஏதோ கப்பல் கேப்டன் வைத்திருந்ததாம், ஒரு கண்ணாடியில்தான் தெரியும். வலை வீசிக்கொண்டிருந்த பொன்னுசாமி என்பவர் எங்களைப் பார்த்துவிட்டு, “இன்னா சார், வெயிலே இல்ல, இன்னாத்த பாக்கப் போறீங்க” என்றார். வெயில் இல்லாவிட்டால்தான் கண் கூசாது என்று எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொன்னேன்.

மணல்திட்டு முழுக்க ஆலாப் பறவைகள். ஐந்நூறு இருக்கும் என்றேன். தொண்ணூற்று மூன்று என்று நோட்டில் எழுதினார். எழுதும்போதே மொத்தமாக எழும்பித் திட்டுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டன. நடுவில் ஈர மணல், அண்ணன் அந்த ஓரத்திலேயே நின்றுவிட்டார். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் பார்க்காத மாதிரி நின்றேன். அவ்வளவுதான், தோராயமாக ஒரு கணக்கு எழுதிக்கொண்டு கிளம்பலாம் என்றேன். “தோராயமா எழுத நான் நீ இல்லடா” என்றார். என் கையை உதறிவிட்டு நடந்தார் பார், வினிதா, ஒரு மைல் இருக்கும். சரி, இருநூறு அடி என்று வைத்துக்கொள். கைத்தடி என் கையில்தான் இருந்தது. அங்கே நின்று ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் வாட்சைப் பார்த்து நேரம் போட்டார், ஏழு நாற்பத்திரண்டு வடக்கிலிருந்து ஆறு, ஏழு ஐம்பது தெற்கிலிருந்து பதினொன்று என்று. இதுங்களும் டைமுக்கு வர்றதில்லை என்று தனியாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது. திரும்பி வந்து நாலு இட்லி சாப்பிட்டார், தனம் எட்டு என்கிறாள், இந்த விஷயத்தில் அவள் என்னையே மிஞ்சுவாள்.

நீ வேலையை விடாதே. தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. நல்லபடியாக, நிறைந்த ஆயுளோடு இரு மகளே.

ஒன்றை மட்டும் மறக்காதே. மேலே என் பேச்சின் சக்தி என்று எழுதினேன், அது நான் சேர்த்தது. என் பேச்சுக்கு அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. கோவளத்துக்கு இந்த வருஷம் எத்தனை ஆலா வந்திருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டுமாம், எண்ணிச் சொல்ல இங்கே ஆள் இல்லாமல் தவிக்கிறாயாம் என்று சொன்னேன். நீ அப்படி எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு நோட்டை வரிவரியாக வாசிப்பார். எந்த ஆலா, நான் எப்போது கேட்டேன் என்று கேட்டுவிடாதே தாயே, பேனா எடுத்து எழுதிக்கொள்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
அ. ஜெயவேலு