அடிக்க ஆளில்லாத ஓட்டு

என் எதிர்க்கட்சிக்காரிக்கு,

சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரலில் வைத்த மை போகவில்லை. காலையில் பாகூர் பள்ளிக்கூடத்து வரிசையில் தனியாக நின்று சட்டசபைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். நீ செத்தபிறகு வந்த முதல் ஓட்டு. திரும்பித் திரும்பிப் பார்த்தேன்; "நகருடி" என்று முதுகில் குத்த யாருமில்லை.

நீ ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. "உன் ஓட்டு என் ஓட்டை அடிச்சிடும். பேசாம ரெண்டு பேரும் வூட்லயே படுத்துக்கலாம்டி" என்பாய். சொல்லிவிட்டு முதல் ஆளாகச் செருப்பை மாட்டுவாய்.

நீ வார்டு மெம்பருக்கு நின்றபோது உனக்கு எதிராக வீடு வீடாகப் போனவள் நான். வெயிலில் அலைந்து களைத்து, உன் வீட்டுக்கே வந்து மோர் வாங்கிக் குடித்தேன். நீ ஜெயித்தாய். வாய்க்கால் அடைத்தால் உன் கதவைத்தான் தட்டினோம். உன் காலம் முடிந்தது. அடுத்த பஞ்சாயத்துத் தேர்தல் வரவேயில்லை. வருஷக்கணக்கில் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாலு பேரோடு சேர்ந்து சென்னைக் கோர்ட்டில் கேஸ் போட்டாய்.

தீர்ப்பு நாளில் புளிசோறு கட்டிக்கொண்டு நானும் வந்தேன். உள்ளே பேசிய இங்கிலீஷ் நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. வக்கீல் வெளியே வந்து, "எலெக்‌ஷன் நடத்தச் சொல்லிட்டாங்கம்மா" என்றதும் வராந்தாவிலேயே அழுதாய். நான் புளிசோற்றுப் பொட்டலத்தை உன் கையில் வைத்துவிட்டு, "ரொம்ப ஆடாத. நீ நின்னா மறுபடியும் உனக்கு எதிராத்தான் வேலை செய்வேன்" என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டு, "செய்யேன்டி. அதுக்குத்தானே கேஸே போட்டேன்" என்றாய்.

பிறகு வார்டு பிரித்ததில் தகராறு என்று அந்தத் தேர்தலும் நின்றுபோனது. நீயும் போய்விட்டாய்.

போன வாரம் எங்கள் கட்சி எம்.எல்.ஏ. கைகூப்பிக்கொண்டு வந்தார். "பஞ்சாயத்துத் தேர்தலைப் பத்தி சபையில ஒரு நாளாவது கேட்டீங்களா? கோர்ட்டு சொல்லி இன்னா ஆச்சு?" என்றேன். "இன்னாம்மா, நம்ம ஆளு நீயே இப்படிக் கேக்குற?" என்றார். நானா கேட்டேன்? நீதான் என் வாயில் உட்கார்ந்து கேட்டாய். பாவி, செத்தும் என்னைக் கட்சி மாற்றப் பார்க்கிறாய்.

ஆனாலும் என் கட்சிக்கே போட்டேன். அடிக்க உன் ஓட்டு இல்லாததால் என் ஓட்டு முழுசாக நிற்கிறது. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஜெயிப்பது யாராக இருந்தாலும் அந்தக் கேள்வியை விடமாட்டேன். பஞ்சாயத்துத் தேர்தல் ஒருநாள் வரத்தான் போகிறது. அன்றைக்கு வெயிலில் அலைந்துவிட்டு நான் யார் வீட்டில் போய் மோர் கேட்பேன், சொல்லு.