நீங்கள் சொல்லி முடிக்காதது

என் பிரியமானவருக்கு,

உங்களுக்குத் திக்கும் என்று தெரிந்தும், நேற்றுச் சண்டையில் உங்கள் பேச்சை நானே முடித்தேன். "அம்மாவ இங்க..." என்றீர்கள். "கூட்டியாந்து வச்சுக்கணும், அதானே? என்னால முடியாது!" என்று கத்தினேன். நீங்கள் சோழவந்தானுக்கு, உங்கள் அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டீர்கள். ஜெயித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

காலையில் உங்கள் தங்கை போன் செய்தாள்.

"கண் ஆபரேஷனுக்காக ஒரு வாரந்தான் அம்மா அங்க தங்கும், மதினி. அண்ணே சொல்லலையா?"

"மறந்திருப்பாக" என்றேன். அப்போதும் பழியை உங்கள் மேலேயே போட்டேன்.

அத்தைக்குக் கீழ் அறையை ஒழித்துவிட்டேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். அழைத்து வாருங்கள். என்மேல் உள்ள கோபத்தையும் முழுதாகச் சொல்லுங்கள்.

போனில் பேசினால் மறுபடியும் குறுக்கே விழுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி