முப்பத்துநான்கு வரை

மார்ச் 3
பேத்திக்கு முதல் படம், கதாநாயகி. துணைக்கு நான். முப்பது வருடம் நூலகத்தில் ‘சத்தம் போடாதீர்கள்’ பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன். இங்கேயும் அதையேதான் கத்துகிறார்கள்.

மார்ச் 5
வசனம் இன்னும் எழுதி வரவில்லை. “ஒண்ணு ரெண்டு மூணுன்னு சொல்லும்மா, உதடு அசைஞ்சாப் போதும். மத்தத டப்பிங் அம்மா பாத்துக்குவாங்க” என்றார் இயக்குநர். பேச்சுப் போட்டிக் கோப்பைகளை வைக்க வீட்டில் அலமாரி போதாதவள் இவள். காதலைப் பன்னிரண்டில் சொன்னாள். கோபம் ஏழிலேயே முடிந்துவிட்டது.

மார்ச் 9
“தாத்தா, என் குரல்லயே பேசுறேன்னு நீங்க சொல்லுங்களேன். நான் கேட்டா வாயாடின்னுடுவாங்க.”
கேட்க வேண்டியதை மூன்று விதமாக எழுதி வைத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 10
இன்றும் கேட்கவில்லை. நாளை.

மார்ச் 18
அழுகைக் காட்சி. காதலன் வரவில்லை, இவள் வாசற்படியில். ஒன்றில் தொடங்கினாள். பத்தொன்பதில் குரல் உடைந்தது. முப்பத்துநான்கில் நின்றாள். மேக்கப் போடும் அம்மா தேம்பினார். “என்னா வசனம்யா!” என்றார் தயாரிப்பாளர். வசனகர்த்தா அடக்கமாகத் தலை குனிந்தார்.

ஜூன் 2
டப்பிங். அந்த அம்மா எல்லாக் காட்சிக்கும் தேனாகப் பேசினார். அழுகைக் காட்சிக்கு மட்டும் எந்த வசனமும் உதட்டோடு ஒட்டவில்லை. வசனகர்த்தா ஐந்து தாள் கிழித்தார். “எதுக்குத்தான் இந்தப் பொண்ணு இவ்வளவு எண்ணித் தொலைச்சாளோ!”
என் வாயிலிருந்து — எப்படி வந்தது? — “அவன் வராத நாளை இவ எண்ணுறான்னு வச்சுக்கலாமே... அன்னைக்குப் பதிவான அவ குரலே இருக்கட்டுமே...”
கிழிந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினேன்.
“அதத்தான் நானும் யோசிச்சேன்” என்றார் வசனகர்த்தா.

ஆகஸ்ட் 14
படம் வெளியானது. தியேட்டரே அவளோடு சேர்ந்து எண்ணி அழுதது. பக்கத்து இருக்கைக்காரர் இருபத்தாறை விட்டுவிட்டார். திருத்தலாமா என்று யோசித்தேன், திருத்தவில்லை.

செப்டம்பர் 1
புதிய தயாரிப்பாளர் வீடு தேடி வந்தார். “இதுலயும் ஒரு எண்ணுற சீன், அம்பது வரைக்கும். அது மட்டும் உன் குரல்மா. மத்ததுக்கு வழக்கம்போல அந்தம்மா.”
“முழுசும் என் குரல். இல்லன்னா வேற ஆளப் பாருங்க சார்.”
அவர் என் பக்கம் திரும்பினார். “பெரியவரே, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க.”
பேத்தி என்னைப் பார்க்கவில்லை. எதிர்பார்ப்பதை எப்போதோ விட்டிருப்பாள். தொண்டையைச் செருமினேன். “அவ சொன்னதுதான்” என்றேன். பிறகு, பயத்தில், “சாப்பிட்டீங்களா?”

செப்டம்பர் 6
ஒப்பந்தம் வந்தது. இரண்டு முறை படித்தேன்: படம் முழுவதும் அவள் குரல்தான்.
வசனம் இன்னும் எழுதி வரவில்லையாம்.