முதல் மூட்டை

விழுப்புரம்
வெகுதானிய வருஷம் கார்த்திகை 20 (5-12-1938)

என் அருமைத் தங்கை காந்திமதிக்கு, அண்ணன் விருத்தாசலம் ஆசீர்வதித்து எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி கெங்கம்மாளும் சுகம். உன் சுகம் தெரியவில்லை, ஏனென்றால் உன் நிலக்கடலை மூட்டை வரவில்லை. தராசைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துத் துணி போட்டு மூடியிருக்கிறேன். கூலியாட்கள் சும்மா உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார்கள். வண்டிக்காரர்கள், "இன்னா முதலாளி, இந்த வருசம் தங்கச்சி மல்லாட்டை இன்னும் வரலியா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

எந்தப் பருவத்திலும் என் மண்டித் தராசில் முதலில் உன் மூட்டை ஏறாமல் வேறு மூட்டை ஏறியதில்லை. உன் கைராசி அப்படி. அறுவடை தாமதமா, வண்டி கிடைக்கவில்லையா? நாளைக்கே ஆள் அனுப்புகிறேன். ஒரு வரி எழுது. உனக்கென்று எடுத்து வைத்த வெல்லத்தை உன் அண்ணி தின்றுவிடப் போகிறாள்.

அன்புள்ள அண்ணன்,
விருத்தாசலம்


கண்டாச்சிபுரம்
9-12-1938

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை காந்திமதியின் நமஸ்காரம்.

ஆள் அனுப்ப வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படியுங்கள். இங்கே மல்லாட்டை விற்பனைக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கிறோம். நானும் ஒரு டைரக்டர். சிரித்தது போதும், மேலே படியுங்கள். எல்லாருடைய காயையும் ஒரே கிடங்கில் கொட்டுகிறோம். அதன்பேரில் சங்கம் செலவுக்குக் கடன் கொடுக்கும்; நல்ல விலை வரும்போது மொத்தமாக விற்கும். சர்க்கார் முத்திரை குத்திய தராசுகூட வந்துவிட்டது. அங்கத்தினர் யாரும் வெளியே ஒரு மூட்டைகூட விற்கக்கூடாது என்பது விதி. அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

போன வருஷம் உங்கள் மண்டியில் என் மூட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் பச்சமுத்துவின் மூட்டைகள் இருந்தன. அரைக்காணி நிலக்காரன். வருகிறவர் போகிறவர் எல்லாம் மாதிரி பார்க்கிறேன் என்று ஆளுக்கொரு கை அள்ளினார்கள். அள்ளியது திரும்பவில்லை. பிறகு தரகரும் வியாபாரியும் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசினார்கள். காய்க்குச் சொந்தக்காரன் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். "இன்னா வெல படிஞ்சுதுங்கம்மா?" என்று என்னைக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

என் மூட்டையில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை, அண்ணா. முதலாளியின் தங்கை மூட்டையாயிற்றே. அன்றிலிருந்து அதுதான் என்னை உறுத்துகிறது.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வெல்லத்தை அவர்களே சாப்பிடட்டும்.

தங்கள் தங்கை,
காந்திமதி


விழுப்புரம்
16-12-1938

தங்கை காந்திமதிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். கெங்கம்மாளிடமும் படித்துக் காட்டினேன். அவள் உன் பக்கம் பேசினாள். அதனால் இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

நான் கேட்பது உன் விளைச்சல் முழுவதையும் அல்ல. ஒரு மூட்டை. அதைச் சங்கத்துக்குத் தெரியாமல் போடு என்றும் சொல்லவில்லை. உன் அண்ணனுக்குப் போணி என்று சொல்லிப் போடு. யார் தடுப்பார்கள்?

மாதிரி அள்ளுவதும் துண்டுக்குள் பேசுவதும் நான் கண்டுபிடித்ததா? எனக்கு முன்பே இருந்தது. விதைக்கும் காலத்தில் வெறுங்கையோடு வந்து நின்றவனுக்கு, எந்த நாளானாலும் எடுத்துக் கொடுத்தவன் நான். உன் சங்கத்தில் அவன் மனு எழுத வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும், அதற்குள் மழை பெய்து ஓய்ந்துவிடும். இதையும் யோசித்தாயா?

இன்னொன்று. உன் வீட்டுக்காரர் தவறிய வருஷம், "தாலி அறுத்தவ மூட்டையா மொதல்ல?" என்று இந்தக் கடைத்தெருவே முணுமுணுத்தது. நான் உன் மூட்டை வரும்வரை தராசைத் திறக்கவில்லை. சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன்.

நேற்று யாரோ ஒருவனுடைய மூட்டையைப் போட்டுத் தராசைத் திறந்தேன். நாள் நன்றாகவே இல்லை.

விருத்தாசலம்


கண்டாச்சிபுரம்
பிரமாதி வருஷம், தைப் பொங்கலுக்கு மறுநாள் (1940)

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நமஸ்காரம். ஒரு வருஷத்துக்கு மேலாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. பொங்கலுக்குத் தாய்வீட்டுச் சீர் மட்டும் தவறாமல் வந்தது. கரும்பைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். எனக்காக ஊர் வாயை நீங்கள் அடைத்ததை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இந்தக் கடிதம் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் ஆள் இந்த ஊருக்கு வந்திருக்கிறான். சங்கம் எதிர்பார்க்கும் விலைக்கு மேல் மூட்டைக்கு ஒரு ரூபாய், கையில் ரொக்கம் என்கிறான். பாதிப் பேருக்கு மனசு ஆடிவிட்டது. பச்சமுத்து என்னிடம் வந்து நேராகவே சொன்னான்: "அம்மா, நீங்க ஒரே ஒரு மூட்டைய அண்ணன் வூட்டுக்கு அனுப்பினீங்கன்னா, நானும் வண்டி கட்டிக்கினு போயிடுவேன். உங்களுக்கு அண்ணன், எனக்குக் கேப்பைக் கஞ்சி. நீங்க போவலன்னா நானும் போவல." அந்த ஒரு மூட்டையை நான் ஏன் அனுப்பவில்லை என்று இப்போது புரிகிறதா?

உங்களை ஒன்றே ஒன்று கேட்கிறேன். சங்கம் உடைந்துவிட்டால், அடுத்த வருஷமும் அந்த ஒரு ரூபாய் இருக்குமா? மற்றதை எல்லாம் விட்டுவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

தங்கள் தங்கை,
காந்திமதி


விழுப்புரம்
2-2-1940

காந்திமதிக்கு,

உன் அண்ணிக்கு முழங்கால் வலி. பனி அதிகம். நெல் விலை பரவாயில்லை. மாசியில் நம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிறோம், வந்து போ. ஆளை உங்கள் ஊரிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டேன். வேறு ஊர்களில் நிறையக் காய் வாங்கிவிட்டேன், இடமில்லை.

விருத்தாசலம்


விழுப்புரம்
விக்கிரம வருஷம் தை 25 (7-2-1941)

என் தங்கை காந்திமதிக்கு அண்ணன் எழுதுவது.

நீ எப்படி இருக்கிறாய்? நான் இருக்கிறேன். சீமைச் சண்டையினால் பிரெஞ்சு தேசத்துக்குக் காய் ஏற்றிப் போகும் கப்பல் நின்றதும் மல்லாட்டையைக் கேட்க நாதியில்லாமல் போயிற்று. போன வருஷம் ஒரு ரூபாய் அதிகம் கொடுத்து அடுக்கிய காயெல்லாம் என் கிடங்கில் புழுத்தது. உங்கள் சங்கத்தார் கடன் கொடுத்துக் காயை நிறுத்தி வைத்ததால், யாரும் அடிமாட்டு விலைக்குத் தள்ளவில்லையாம். கேள்விப்பட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை உங்கள் கிடங்குக்கு வந்திருந்தேன். நீ ஊரில் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் வந்தேன். எல்லாரையும் போல நானும் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போட்டேன். பெட்டியைத் திறந்து எல்லார் விலையையும் உரக்கப் படித்தார்கள். திண்டிவனத்து ஆலைக்காரர் எனக்கு மேல் எழுதியிருந்தார். காயை அவர் ஏற்றிக்கொண்டு போனார். பச்சமுத்து ஒவ்வொரு விலையையும் கேட்டுக்கொண்டு மீசையைத் தடவிக்கொண்டு நின்றான்.

அந்தக் குவியலில் உன் காய் எது என்று தேடிப் பார்த்தேன், காந்திமதி. தெரியவில்லை. எல்லாம் ஒன்றாகக் கிடந்தது. அது என்னவோ எனக்குத் தாங்கவில்லை.

இந்தப் பருவத்தில் என் தராசை இன்னும் திறக்கவில்லை. யார் மூட்டையைப் போடுவது என்று தோன்றவில்லை.

அண்ணன்,
விருத்தாசலம்


கண்டாச்சிபுரம்
விஷு வருஷம் ஆனி 10 (24-6-1941)

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவது பச்சமுத்து. வண்டியில் ஒரு மூட்டை இருக்கிறது. பதறாதீர்கள், நான் விதியை மீறவில்லை. இது விதைக்காய். விதைக்கு நிறுத்தியது விற்பனையில் சேராது என்று சங்கத்து விதியிலேயே இருக்கிறது. அது என் கண்ணில் பட இத்தனை நாளாயிற்று. ஆனாலும் கூட்டத்தில் கேட்டேன். "அண்ணன் தராசுல ஏத்தி எறக்கறதுக்கு இன்னாத்துக்கு ரூலு? நானே ஓட்டிக்கினு போறேன்" என்று முதலில் எழுந்தவன் பச்சமுத்துதான்.

தராசைத் திறந்து எடை போடுங்கள். போட்டுவிட்டு மூட்டையை இதே வண்டியில் திருப்பி அனுப்பிவிடுங்கள். நிலத்தில் ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும்.

இதற்குமேல் எனக்கு வழி தெரியவில்லை, அண்ணா. தெரிந்தால் செய்ய மாட்டேனா?

தங்கள் தங்கை,
காந்திமதி


விழுப்புரம்
ஆனி 11

என் தங்கை காந்திமதிக்கு,

மூட்டை வந்தது. கூலியாட்கள் என்னைக் கேட்காமலே ஓடிப்போய்த் தராசைக் கழுவினார்கள். கெங்கம்மாள் சந்தனம் வைத்தாள். எடை போட்டோம். விலை பேசாமல் அந்தத் தராசில் ஒரு பொருள் ஏறி இறங்கியது இதுதான் முதல் தடவை. பச்சமுத்துவை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்காராமல் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வழக்கம்போல என் ஆள் ஒருவன் மூட்டைக்குள் கை விட்டான். எடு கையை என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வறுக்க ஒரு பிடி கேட்ட உன் அண்ணிக்கும் கொடுக்கவில்லை. மறுபடி வீட்டில் பேச்சில்லை.

எடையை மூட்டையின் மேலேயே மையால் எழுதியிருக்கிறேன். உங்கள் சங்கத்துத் தராசில் ஒருமுறை போட்டுப் பார். பச்சமுத்து பக்கத்தில் இருக்கட்டும். குறைந்தால் எனக்கு எழுது.

அண்ணன்,
விருத்தாசலம்