எதுவும் தீராத வீடு

அன்பு மகள் வாலுக்கு,

இங்கே நான், உன் அப்பா, உன் அப்பாவின் வலது முழங்கால் ஆகிய மூவரும் சௌக்கியம். அங்கே நீயும், போன தடவை நீ புலம்பிய அந்த இருமலும் எப்படி இருக்கிறீர்கள்? இருமல் கிளம்பிப் போய்விட்டது, நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று நீ எழுதினால் எனக்கு நிம்மதி. உன் செய்தியைப் படித்தேன். நலமா என்று ஒரு சொல், மொத்தக் கடையில் உறுப்பினர் அட்டை வாங்கலாமா வேண்டாமா, நல்லது கெட்டது சொல் என்று ஒரு வரி, அவ்வளவுதான். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று நல்லதை மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பார், கெட்டது என் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்புத் தாள்கள் மேஜையில் காத்துக் கிடக்கின்றன, கிடக்கட்டும். ஊரார் எழுதியதில் எல்லாம் பிழை திருத்துகிறவள், பெற்ற மகளுக்காவது கொஞ்சம் பிழையோடு எழுதிக்கொள்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை வாங்கிப் படிக்கும்போது உன் அப்பாவின் முகம் சுருங்கிப் போகும். லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் எப்படி இருந்தார் என்று உன்னிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை. காலையில் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, ஷூவும் மாட்டிக்கொண்டு சோபாவில் வந்து உட்கார்ந்துவிடுவார். போவதற்கு இடம் கிடையாது. நம் கட்டட லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, கதவு ரோலர் தேஞ்சிடுச்சு, எவனும் பாக்க மாட்டேங்கிறான் என்று சுவரிடம் சொல்வார். அப்படி இருந்த மனிதருக்குத்தான் புறவழிச் சாலையில் நீ கேட்கிற அதே மொத்தக் கடையைத் திறந்தார்கள். முதல் நாள் போய்விட்டு வந்தவர் கண்ணில் ஒரு வெளிச்சம் பார்த்தேன், என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட அது இல்லை. உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது, ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் டாக்டர் சொன்ன நடை முடிந்துவிடுகிறது. சலவைத் தூள், முட்டை, பல்பு எல்லாம் வெளியே விற்பதைவிட நிஜமாகவே மலிவு. பிரிக்காத பொருளை எப்போது கொண்டுபோனாலும் முகம் கோணாமல் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். ருசி பார்க்கச் சீஸ் துண்டு கொடுக்கும் பையனிடம் இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறை, கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு இன்னொரு முறை போகிறார். அந்தப் பையனும் இரண்டு பேரையும் தனித்தனியாக விசாரிக்கிறான். வெளியே வரும்போது வாசலில் நிற்கும் பெண் ரசீதைப் பார்த்துப் பேனாவால் ஒரு கோடு இழுத்துக் கொடுப்பாள். அதை இவர் ஏதோ பட்டமளிப்பு விழாவில் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்குகிறார். இதில் ஒரு வேடிக்கை கேள், அட்டை வைத்திருப்பவர்களை மட்டும் உள்ளே விடுவதால் அந்தக் கடைக்கு இவர் வைத்த பெயர் கிளப். கிளப்புக்குப் போயிட்டு வரேன் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். எதிர்வீட்டு டீச்சர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஏங்க, சார் சீட்டு ஆடப் போறாரா, நான் வேணா எங்க வீட்டுக்காரரை விட்டுப் பேசச் சொல்லட்டுமா என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சீட்டாட்டமாக இருந்திருந்தால் வீட்டில் இடமாவது மிஞ்சியிருக்கும்.

இனி கெட்டது. அந்தக் கடையில் ஒன்று என்றால் ஒன்று இல்லை. பல் தேய்க்கும் பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க என்றால் ஒரு குடும்பமே வந்து இறங்குகிறது. தக்காளி ஒரு கூடை வாங்கினால் முதல் மூன்று நாள் நாம் தக்காளியைச் சாப்பிடுகிறோம், பிறகு தக்காளி நம்மைச் சாப்பிட ஆரம்பிக்கிறது. சலவைத் தூள் டப்பாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், அதைக் கொண்டுவந்த அன்று பார்த்து லிஃப்ட் நின்றுபோய், ஆயுள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர் மூன்று மாடி ஏறினார். முழங்கால் கதை அங்கேதான் ஆரம்பம். வைக்க இடமில்லாமல் எல்லாம் உன் அறைக்குள் போயிற்று. கோபப்படாதே, உன் கட்டிலில் கொஞ்ச நாள் முன்புவரை டிஷ்யூ உருளைகள் போர்வை இல்லாமல் படுத்திருந்தன. இருந்தன என்று எழுதியிருக்கிறேன் பார், அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

இதெல்லாம் சின்னக் கெட்டது. பெரியது என்னவென்று எனக்கே விளங்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. நம் வீட்டில் எதுவும் தீருவதில்லை. முன்பெல்லாம் சர்க்கரை தீரும், சோப்பு தீரும், மெய்ப்புத் தாளிலிருந்து தலையைத் தூக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போவேன். கடைக்காரியை உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் போகும்போது உன் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிடுவாளே, அவள்தான். ஒரு சோப்புக்கு அரை மணி நேரம் பேசுவோம். நீ ஊருக்குப் போன பிறகு நாளெல்லாம் எழுத்துகளோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு, பதில் பேசுகிற முகம் அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள். அப்பா மூட்டை மூட்டையாகக் கொண்டுவர ஆரம்பித்ததும் அங்கே போவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. பிறகு போகாமல் இருந்ததே வெட்கமாகி, பின்பக்கச் சந்தில் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தேன். உன் அப்பாவும் அவள் கடையைத் தாண்டும்போது காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் வெறும் சுவர்.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. அலமாரி அலமாரியாகத் தேடினேன், ஏதாவது ஒன்று தீர்ந்திருக்காதா என்று. கடைசியில் உப்பு டப்பாவைச் சிங்குக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, என்னங்க, உப்பு தீந்துபோச்சு, முனைக்கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன் என்று சொல்லிக்கொண்டே குளியலறைக்கு முகம் கழுவப் போனேன். பவுடர் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் ஆள் இல்லை, கார் சாவியும் இல்லை. திரும்பி வந்தவர் தோளில் ஒரு மூட்டை. இனிமே இந்த ஜென்மத்துல உப்பைப் பத்தி நீ கவலையே பட வேண்டாம் என்றார், அவ்வளவு பெருமை. அந்த உப்பை உன் பேரப்பிள்ளைகள்வரை சாப்பிடலாம் வாலு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இவ்வளவு வேண்டாம், நானும் வரேன், திருப்பிக் குடுத்துட்டு வந்துடலாம் என்று மறுநாள் அவரைக் கிளப்பினேன்.

மூட்டையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தோம். பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று காணாமல் போனார். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு தட்டு வண்டி, அதில் ஆள் உயரத்துக்குச் சோப்பும் பிஸ்கட்டும், அதைத் தள்ளிக்கொண்டு வருவது நம் முனைக் கடைக்காரி! நான் திருட்டு முழி முழித்தேன். அவள் என்னைவிட அதிகமாக முழித்தாள், எங்கே சரக்கு எடுக்கிறாள் என்று வாடிக்கைக்காரருக்குத் தெரிந்துவிட்டதே. முதலில் அவள்தான் வாயைத் திறந்தாள். அக்கா, நீங்களா, மாசக்கணக்கா ஆளையே காணோமே, மக கூடவே போயிட்டீங்களாக்கும், ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாங்களேன்னு கோவமாக்கூட இருந்தேன் என்றாள். எனக்கு வேறு எதுவும் வரவில்லை, உண்மை வந்துவிட்டது. எங்க வீட்ல எதுவுமே தீர மாட்டேங்குதும்மா என்றேன். அவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். ஏங்க்கா, ஏதாவது தீந்தாத்தான் வரணுமா என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவளே சிரித்து, குரலை உயர்த்தி, சார், அந்தப் பேப்பர் அடுக்குக்குக் கீழ உங்க ஷூ தெரியுது, வாங்க வெளிய என்றாள். உன் அப்பா விலையைப் படிக்க ஒதுங்கியவர்போல வந்தார். அவள் உப்பு மூட்டையைப் பார்த்துவிட்டு, இது என்ன சார், வீட்டுக்குள்ள கடல் கட்டப் போறீங்களா என்று கேட்டதும், ஒளித்து வைத்த டப்பாக் கதை என் வாயிலிருந்து கொட்டிவிட்டது. உன் அப்பா மூட்டையை வண்டியில் நேராக நிமிர்த்தி வைத்தார். பிறகு, கடைக்குப் போகணும்னா போறேன்னு சொல்ல வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு உப்பைச் சாகடிச்சே என்றார். எந்தக் காரணமும் இல்லாமல் ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதர் அவர், அவருக்குப் புரியாமல் போகுமா.

உப்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நான் வாங்கத்தான் வந்தேன் என்று அவள் அதே விலைக்கு எடுத்துக்கொண்டாள். அவள் சரக்கு மொத்தமும் நம் காரில் வந்தது. இப்போது வாரா வாரம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கிளப்புக்குப் போகிறார்கள், எந்தத் துடைப்பம் நன்றாக உழைக்கும் என்று வழியெல்லாம் சண்டை. எங்களுக்கு வேண்டியதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், மீதி அவள் அலமாரிக்குப் போகிறது. உன் கட்டில் காலியானது அப்படித்தான். அவர்கள் திரும்பும்வரை கடையைப் பார்த்துக்கொள்வது யார் என்று நினைக்கிறாய்? நானேதான். கடைப் பெயர்ப் பலகையில் இருந்த பிழையைத் திருத்திவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கிறேன். ஒரு தீப்பெட்டி, ஒரு சோப்பு என்று வந்து நிற்கிறார்கள். பாதிப் பேர் வீட்டில் அது தீரவே இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எதிர்வீட்டு டீச்சர் நேற்று வாங்கிய அதே ஊசியை இன்றும் வாங்கிப் போனாள். நான் ஒன்றும் கேட்கவில்லை, நாற்காலியை மட்டும் நகர்த்திப் போட்டேன்.

உன் கேள்விக்கு இப்போது பதில். அட்டையை வாங்கு. காகிதம், சலவைத் தூள் போன்ற கெடாத பொருளை அங்கே எடு, உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணோடு பாதி பிரித்துக்கொள், பசியோடு மட்டும் உள்ளே போகாதே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று போன தடவை போகிற போக்கில் சொன்னாயே, அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால் பற்பசையையும் ரொட்டியையும் உன் கட்டடத்துக்குக் கீழே இருக்கிற கடையில் ஒவ்வொன்றாகவே வாங்கு. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும், இருக்கட்டும். சரக்கோடு திரும்பி வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த உன் அப்பா, கிளப்புல டயருக்குக் காத்து இலவசம்னு எழுதினியா என்கிறார். எழுதிவிட்டேன். உன்னிடம் கார் இல்லை என்று சொன்னால், வாங்கும்போது உதவும் என்கிறார்.

மறக்காமல் தலையைத் துவட்டிவிட்டுத் தூங்கு. குறைவில்லாமல் இரு, மனசு நிறைய நன்றாக இரு, எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன்னோடு. கட்டிலில் புது விரிப்புப் போட்டிருக்கிறேன். சட்டையில் மைக்கறை, தலைவலிக்கு எந்த மாத்திரை, அட்டை வாங்கலாமா என்று ஏதாவது தேவைப்படும்போதுதான் உன்னிடமிருந்து ஒரு வரி வருகிறது. கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஏன் வாலு, ஏதாவது தீந்தாத்தான் வரணுமா?

இப்படிக்கு,
கல்லாவில் உட்கார்ந்தபடி,
உன் அம்மா