மத்தியானத்தில் விட்ட தண்ணீர்

வைகாசி 4, ஞாயிறு

காலையில் கறம்பக்குடி வயலில் முளைகளை எண்ணியபோது சந்தோஷம் தாங்கவில்லை. வெயில் தாங்கும் நிலக்கடலையையும் தாங்காததையும் கலப்புச் செய்து, அவற்றின் பேரப்பிள்ளை விதைகளை ஊன்றியிருந்தேன். அந்தச் சுடுமண்ணில் நாலில் மூன்று பங்கு முளைத்திருந்தது. தாங்கும் குணம் ஒரே மரபணுவில் இருக்கிறது என்று நான் நினைத்ததற்கு அதுதான் அடையாளம். உடனே என் ஆய்வு நெறியாளருக்கு போன் செய்து சொல்லிவிட்டேன்.

போனை வைத்ததும் நிலத்துக்காரர் செல்வி அக்கா தயங்கியபடி வந்தார்.

"மேடம், ஒரு தப்புப் பண்ணிட்டேன். அங்கிட்டு நாலு பாத்தியில மொளையே காணோம். மனசு கேக்காம போன வாரம் மத்தியானத்துல தண்ணி விட்டுட்டேன்."

மத்தியானம் தண்ணீர் விட்டால் மண் குளிர்ந்துவிடும். பக்கத்துப் பாத்திகளுக்கும் கசிந்திருக்கும்; வெயில் தாங்காத விதையும் முளைத்திருக்கும். கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

எண்ணிக்கை முழுவதையும் அடித்துவிட்டு நெறியாளரிடம் மறுபடி பேசினேன். "வெயில் இன்னும் இருக்குல்ல? திரும்பப் போடும்மா" என்றார். விதையும் மிச்சம் இருக்கிறது. நாளையே ஊன்றுகிறேன். அதே மூன்று பங்கு வரும், எனக்குச் சந்தேகமில்லை.

கிளம்பும்போது அக்கா மோட்டார் ரூம் சாவியை நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்க மேடம். எங்கையி சும்மா இருக்காது."

வாங்கவில்லை. "ஒங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.